பலகையைக் கொஞ்சம் இறக்கி மாட்டுங்கள்

தாங்கள் படித்த அரசுப் பள்ளிக்குப் பெரிய தொடுதிரை வாங்கித் தரக் கிளம்பியிருக்கும் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பழைய மாணவர்களுக்கு,

தொடக்கப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் சாக்பீஸ் பிடித்தவள் எழுதுகிறேன். ஓய்வுபெற்று நாலு வருஷமாகிறது. ஆனாலும் என்னிடம் படித்த பிள்ளைகள் என்னை விடுவதாயில்லை. மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். காலையில் ரோஜாப்பூவோடு குட்மார்னிங், மத்தியானம் யாராவது தேடியெடுத்த பழைய குரூப் போட்டோ, ராத்திரி ஒருத்தர் வீட்டுப் பிறந்தநாள். கொஞ்ச நாளாக மூன்று குழுவிலும் ஒரே பேச்சு: "நம்ம ஸ்கூலுக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் குடுத்துடலாம்." துபாயில் இருப்பவன் ஐயாயிரம் என்கிறான். திருப்பூரில் தையல் வேலை பார்க்கிறவள் இரண்டாயிரம் போடுகிறாள். ஒரு குழு 75 அங்குலப் பலகைக்குக் கொட்டேஷனே வாங்கிவிட்டது. அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பி, "டீச்சர், வாங்கலாமா?" என்று கேட்டார்கள்.

அவர்களுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வந்ததிலிருந்து, படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்கிற எண்ணம் ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில் இப்போது முதலிடத்தில் நிற்பது இந்தப் பெரிய தொடுதிரைதான். எனவே எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வாங்குங்கள். ஆனால் அதை எங்கே மாட்டுவது, யார் தொடுவது என்பதை வாங்குவதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள். நான் பின்னால் முடிவு செய்தேன்; அந்தக் கதையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

எங்கள் பள்ளிக்குப் பலகை வந்தது ஒரு நன்கொடையாளரின் தயவில். வேனிலிருந்து இரண்டு பேர் மூச்சுவாங்க இறக்கினார்கள். ஐம்பது கிலோ அளவுக்கு இருக்கும். மாட்ட வந்த தம்பி டேப்பை நீட்டி, "எங்க மேடம் மாட்டணும்?" என்றார். நான் கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினேன். தரையிலிருந்து நாலடி அளந்து பென்சிலில் கோடு போட்டார். "கீழ் விளிம்பு இங்க வரும் மேடம், எல்லா இடத்துலயும் இப்படித்தான் மாட்டுவோம்." நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு ஒரு வருஷம் போனது.

திறப்பு விழா நன்றாகவே நடந்தது. ரிப்பன் வெட்டி, கேசரி கொடுத்து, யானைப் படம் ஒன்று ஓட்டினோம். மறுநாள் ஒன்றாம் வகுப்பு. திரையின் ஒரு பக்கம் யானை, பானை, பூனை; மறுபக்கம் யா, பா, பூ. படத்தை விரலால் இழுத்து எழுத்தோடு சேர்க்க வேண்டும். முதலில் வந்த பெண்பிள்ளை கையைத் தூக்கினாள். எட்டவில்லை. குதித்தாள். யானையின் காலைத் தொட்டாள், யானை பாதி வழி வந்து நின்றுவிட்டது. இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். சேர்த்துவிட்டாள், வகுப்பே கை தட்டியது. உடனே எல்லாரும் வரிசை கட்டிவிட்டார்கள். ஆறாவது பிள்ளையைத் தூக்கும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்த நாள் நாற்காலி போட்டேன். அது ஆடியது. ஒரு பையன் ஏறி நின்று பின்னால் சாய்ந்தபோது என் உயிர் ஒரு தடவை போய் வந்தது. அதன் பிறகு என்ன செய்தேன் தெரியுமா? "நீ சொல்லு, டீச்சர் தொடுறேன்" என்றேன்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் தொடுதிரை டிவிப் பெட்டி ஆகிவிட்டது. மாத முடிவில் ஆயா பழைய ஜன்னல் திரைச்சீலையில் அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தார். பெரிய அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் உறை கழன்றது.

பிறகுதான் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். 75 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் ஐந்தரை அடி, உயரம் மூன்றடி. ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் நாலடிக்குச் சற்றுக் குறைவு. கையை உயர்த்தினால் விரல்நுனி நாலரை அடி வரை போகும். பலகையின் கீழ் விளிம்பு நாலடியில் இருந்தால், மூன்றடி உயரத் திரையில் பிள்ளைக்குக் கிடைப்பது அடியில் அரையடி மட்டும். அந்த அரையடியில்தான் பேனா, அழிப்பான், அணைக்கும் பொத்தான் எல்லாம் வரிசையாக இருக்கும். அதாவது பிள்ளையால் பலகையை அணைக்க முடியும், படிக்க முடியாது! கீழ் விளிம்பை இரண்டடிக்கு இறக்கினால் திரையில் இரண்டரை அடி பிள்ளையின் கைக்குள் வந்துவிடும். ஆசிரியர் குனிய வேண்டும், உண்மைதான். குனியட்டுமே.

ரயில் நிலையத்தில் தானியங்கி டிக்கெட் எந்திரம் பார்த்திருப்பீர்கள். நாமே தொட்டு டிக்கெட் எடுத்துக்கொள்ளத்தான் அதை வைத்தார்கள். பிறகு அதன் பக்கத்தில் உதவிக்கு ஓர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரை நிறுத்தினார்கள். இப்போது நாம் ஊர் பேரைச் சொல்கிறோம், அவர் தொடுகிறார், நாம் காசைக் கொடுக்கிறோம். எந்திரம் இன்னொரு கவுன்டர் ஆகிவிட்டது. அங்கே அதனால் மோசமில்லை, டிக்கெட் சீக்கிரம் கிடைக்கிறது. வகுப்பறையில் அப்படியில்லை. அங்கே தொடுவதுதானே பாடம்?

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. இந்த உயரக் கணக்கை நம் பள்ளிகள் முன்பே போட்டு, விடையும் கண்டுபிடித்திருந்தன. உங்களில் சிலர் செயல்வழிக் கற்றல் காலத்தில் படித்திருப்பீர்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. அட்டைகள், ஏணிப்படி, பாய் விரித்துக் குழுவாக உட்காருவது எல்லாம் நினைவிருக்கும். சுவரின் அடிப்பகுதியில், தரையை ஒட்டிச் சுற்றிலும் ஒரு கரும்பலகை ஓடுமே, நினைவிருக்கிறதா? ஆளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு மேல் பெயர். தரையில் உட்கார்ந்தபடியே எழுதலாம். ஆசிரியர் குனிந்து, சில சமயம் மண்டியிட்டுத்தான் திருத்த வேண்டும். அந்தக் கீழ்மட்டக் கரும்பலகையோடு வருஷக்கணக்கில் வேலை பார்த்த நான், லட்ச ரூபாய்ப் பலகையைக் கண்டதும் நாலடி உயரத்துக்குத் தலையாட்டினேன். விலை கூடியதும் பொருள் பெரியவர்களுடையது ஆகிவிடுகிறது போலும்.

இன்னும் பின்னால் போனால் மணல் இருக்கிறது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதித்தான் அரிச்சுவடி பழகினார்கள். அதைச் சென்னையில் பார்த்து வியந்து போனவர் ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார். எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைப் பிள்ளைகள் விடுதியை 1789 முதல் கவனித்துவந்தார். தன் விடுதியிலும் மணலில் எழுதவைத்தார். ஆசிரியர்கள் முகம் சுளித்தபோது, ஜான் ஃபிரிஸ்கன் என்கிற எட்டு வயதுப் பையனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை. நம் சட்டாம்பிள்ளைதான், வேறென்ன? 1797இல் அதை லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. மணலில் ஓடிய அதே விரல் இப்போது கண்ணாடியில் ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் சொல்லமாட்டேன். வித்தியாசம் நிறைய இருக்கிறது. ஆனால் மணல் தரையில் இருந்தது. பிள்ளை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பலகை வேலை செய்யும் விதத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், வாங்கும்போது உதவும். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு பல்லி. ஒரு நாள் நான்காம் வகுப்புக்குப் பெருக்கல் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். திரையின் வலது ஓரத்தில் தானாக ஒரு கோடு விழுந்தது. அழித்தேன். மறுபடி விழுந்தது, இந்த முறை வளைந்து. பின்னாலிருந்து ஒரு குரல்: "டீச்சர், பல்லி எழுதுது!" பார்த்தால் நிஜமாகவே கண்ணாடி மேல் ஒரு குட்டிப் பல்லி. அது ஓடிய தடமெல்லாம் சிவப்புக் கோடு. அன்றைக்கு யாரும் பெருக்கல் படிக்கவில்லை.

காரணம் இதுதான். பள்ளிகளுக்கு வரும் பெரிய பலகைகளில் பெரும்பாலானவற்றில் கண்ணாடிக்கு உணர்ச்சி கிடையாது. சுற்றியிருக்கும் சட்டத்துக்குள் இரண்டு ஓரங்களில் அகச்சிவப்பு விளக்குகள் வரிசையாக இருக்கின்றன. எதிர் ஓரங்களில் அந்த ஒளியை வாங்கும் கண்கள். கண்ணாடிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளிவலை பின்னியிருக்கிறது. எது அதை மறைத்தாலும் அந்த இடம் தொடப்பட்டதாகக் கணக்கு. விரல், குச்சி, துப்பட்டா நுனி, ஈசல், பல்லி, எல்லாம் ஒன்றுதான். இதில் லாபமும் உண்டு. தனிப் பேனா தேவையில்லை, சுள்ளியால்கூட எழுதலாம். நஷ்டமும் உண்டு, சட்டத்தின் உள் ஓரத்தில் சாக்பீஸ் தூசி படிந்தால் பலகை தானாகக் கிறுக்கத் தொடங்கும், நேர் வெயில் அடித்தால் குழம்பும். ஆகவே ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். கரும்பலகையை ஒட்டியும் வேண்டாம். கரும்பலகையைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டுவது பற்றி நான் பேசவே விரும்பவில்லை. கரண்ட் போனால் எதில் எழுதுவார்கள்?

அகச்சிவப்பு வலை புதிய சமாச்சாரமும் அல்ல. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்றொரு கல்விக் கணினி அமைப்பு இருந்தது. 1972 வாக்கில் வந்த அதன் நான்காம் பதிப்பில், திரையைச் சுற்றி 16க்கு 16 என்ற கட்டத்தில் இதே அகச்சிவப்பு ஒளிதான். மாணவர் விடையைத் திரையில் விரலால் தொட்டுச் சொல்வார். ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்காகத் தொடுதிரை செய்தவர்கள், தொட வேண்டியவர் மாணவர் என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

அது எப்போது மாறியது? 1991இல் கனடாவில் முதல் ஸ்மார்ட் போர்டு விற்பனைக்கு வந்தபோது அது கூட்ட அறைக்கும் வகுப்பறைக்கும் பொதுவான பொருளாக, எல்லாரும் பார்க்க ஒருவர் முன்னால் நின்று இயக்குவதாக இருந்தது. 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் சி.என்.என். தொலைக்காட்சியில் ஜான் கிங் ஒரு பெரிய தொடுசுவர் முன்னால் நின்று மாநிலங்களை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். உலகமே அதைப் பார்த்துத்தான் பெரிய தொடுதிரை என்றால் இது என்று பழகியது. அங்கே ஒருவர் தொட, கோடிப் பேர் பார்ப்பார்கள். செய்திக்கு அது சரி. அந்தச் செய்தி வாசிப்பாளரின் இடத்தில் ஆசிரியரை நிறுத்தியதுதான் நம் வகுப்பறைகளில் நடந்த தப்பு. அதே பொருளை வேறு மாதிரி வைத்தவர்களும் இருக்கிறார்கள். கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்தில் 2013இல் நாற்பதடி நீளத்துக்கு ஒரு தொடுசுவர் வைத்தார்கள். ஒரே நேரத்தில் பல பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவரவருக்குப் பிடித்த ஓவியத்தைத் தொட்டு இழுக்கலாம். மருத்துவக் கல்லூரிகளில் ஆளுயரத் தொடுமேசை உண்டு; மனித உடலை அசல் அளவில் படுக்கவைத்து, சுற்றி நின்று விரலால் அறுத்துப் பார்க்கலாம். இரண்டிலும் பல கைகளுக்கு இடம் இருக்கிறது.

பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தொடச் சொன்னால் போதுமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2003-04இல் லண்டன் இடைநிலைப் பள்ளிகளில் அரசுச் செலவில் இத்தகைய ஊடாடும் பலகைகளை நிறைய மாட்டினார்கள். அதன் விளைவை ஆராய்ந்து 2007இல் வந்த அறிக்கை, முழுதாகப் பலகை வந்த முதல் வருஷத்தில் மாணவர்களின் மதிப்பெண் கூடியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று சொன்னது. கூடவே இன்னொன்றும் சொன்னது: பின்தங்கிய பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவராகப் பலகைக்கு வந்து போவதால் பாடத்தின் வேகம் குறைந்தது. எனக்கு அது ஆச்சரியமில்லை. என் யானை, பானை, பூனை வரிசையில் இருபத்து மூன்று பிள்ளைகள் சும்மா நின்றார்கள்.

ஆகவே என் முடிவு இது. முழு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் காட்டும் பலகையாக இதை நினைக்காதீர்கள். நாலைந்து பிள்ளைகள் கூடும் ஒரு மூலையாக நினையுங்கள். விற்பவர்கள் "இருபது டச் பாயின்ட் சார்" என்பார்கள். இருபது விரல் என்றால் இரண்டு பிள்ளைகளின் மொத்த விரல். ஆளுக்கு ஒரு கை என்றால் நாலு பேர். அந்த எண்ணிக்கையே எத்தனை பேரை அனுப்பலாம் என்று சொல்லிவிடுகிறது. நம் ஊர்த் தொடக்கப் பள்ளிகளில் எத்தனையோ ஈராசிரியர் பள்ளிகள். இரண்டு பேர், ஐந்து வகுப்பு. ஒரு ஆசிரியர் ஒன்று, இரண்டு, மூன்றைச் சேர்த்து வைத்திருப்பார். அவர் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து சொல்லித்தரும் அரைமணி நேரம், மூன்றாம் வகுப்பில் நாலு பேர் பலகையின் முன்னால் பாயில் உட்கார்ந்து ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்க முடியும். நடுவில் ஒரு சட்டாம்பிள்ளை. இந்தப் பொருளுக்கு நான் பார்த்தவரை இதைவிடச் சிறந்த பயன் கிடையாது.

ஒரு வருஷம் கழித்து நாங்கள் பலகையைக் கழற்றி, இன்னொரு சுவரில் இரண்டடி உயரத்தில் மாட்டினோம். பழைய போல்ட் ஓட்டைகள் அடைத்தும் தெரிகின்றன. அதன் பிறகு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்பில் வரைபடம் படிக்கும் பாடம். பாடத்தை நடத்தாமல், செயற்கைக்கோள் படத்தில் எங்கள் ஊரைத் திறந்து வைத்துவிட்டு நான் நோட்டுத் திருத்தப் போனேன். நாலு பேர் முட்டிபோட்டு உட்கார்ந்தார்கள். முதலில் கண்மாயைப் பிடித்தார்கள். கண்மாயிலிருந்து கரை, கரையிலிருந்து அய்யனார் கோயில், கோயிலிலிருந்து தெரு. ஒருவன் பெரிதாக்குவான், இன்னொருத்தி சின்னதாக்குவாள், சண்டை. ஒரு பையன் நீலமாக ஒரு புள்ளியைத் தொட்டு, "இது எங்க வீடு. தார்ப்பாய் தெரியுது பாரு" என்றான். கூரை ஒழுகுகிறது என்று போட்ட தார்ப்பாய், வானத்திலிருந்து தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்பிள்ளை என்னிடம் வந்து புகார் செய்தாள்: "டீச்சர், இது பழைய போட்டோ. எங்க வீட்டு முன்னாடி வேப்பமரம் நிக்கிது. அதை வெட்டி ரெண்டு பொங்கலாச்சு." அப்புறம் நாலு பேரும் அந்தப் படத்தில் இன்னும் என்னென்ன தப்பு என்று தேட ஆரம்பித்தார்கள். புதுத் தண்ணீர்த் தொட்டி இல்லை. சாலை இன்னும் மண்ணாக இருக்கிறது. திரையில் வந்ததெல்லாம் உண்மை என்று நம்பாத நாலு பிள்ளைகளை நான் அன்று பார்த்தேன். கைக்கு எட்டியதால்தான் அந்தச் சண்டை. சுவரில் உயரே ஓடியிருந்தால் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படி வேறு பயன்களும் உண்டு. ஓர் இலையைச் செல்போன் கேமராவின் கீழ் வைத்துத் திரையில் விட்டால் நரம்பெல்லாம் கைநீளத்துக்குத் தெரியும், அதன் மேலேயே விரலால் வரையலாம். ஜியோஜீப்ரா என்கிற இலவசக் கணித மென்பொருளில் முக்கோணத்தின் ஒரு மூலையை இழுத்தால் கோணங்கள் மாறும், கூட்டுத்தொகை 180இலேயே நிற்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை உடைக்க முடியுமா என்று இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். அரசின் மணற்கேணி செயலியில் பாடநூலை ஒட்டிய காணொளிகள் இருக்கின்றன. பார்வை குறைந்த பிள்ளை ஒருத்தி எங்களிடம் இருந்தாள். கரும்பலகையில் எழுதியது அவளுக்கு எந்த வரிசையிலிருந்தும் தெரியாது. திரையில் ஒரு சொல்லை ஓரடி உயரத்துக்குப் பெரிதாக்கி, மூக்கு கண்ணாடியில் படும் அளவு கிட்டப்போய் அவள் வாசித்ததைப் பார்த்த பிறகு, இந்தப் பலகை வீண் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை. சாயங்காலம் பள்ளி மேலாண்மைக் குழு கூடும்போது வரவு செலவை அதில் போட்டுக் காட்டலாம். கையில் கொடுக்கும் தாளைவிடச் சுவரில் தெரியும் கணக்கைப் பற்றி அம்மாக்கள் நிறையக் கேள்வி கேட்கிறார்கள். அது நல்லதுதான்.

இனி காசு விஷயம். பலகைக்குள்ளேயே ஆண்ட்ராய்டு இருக்கிறது, தனிக் கம்ப்யூட்டர் தேவையில்லை என்பார்கள். அந்த ஆண்ட்ராய்டு மூன்று நாலு வருஷத்தில் கிழடாகிவிடும். புதிய செயலிகள் ஏறாது. திரையோ பத்து வருஷம் உழைக்கக்கூடியது. ஆகவே கம்ப்யூட்டரைக் கழற்றி மாற்றக்கூடிய ஓ.பி.எஸ். ஸ்லாட் இருக்கிறதா, சாதாரண லேப்டாப்பை எச்.டி.எம்.ஐ. கேபிளும் யு.எஸ்.பி. கேபிளும் போட்டு இணைத்தால் தொடுதல் வேலை செய்கிறதா என்று கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். பெரிய கம்பெனி என்று நம்பியும் இருக்க முடியாது. கூகுள் 2017இல் ஜாம்போர்டு என்று 55 அங்குலத் தொடுபலகையை ஐயாயிரம் டாலர் அளவுக்கு விற்றது. பள்ளிகளும் அலுவலகங்களும் வாங்கின. 2024இல் புதுப்பிப்புகளை நிறுத்தி, அந்த வருஷக் கடைசியோடு செயலியையே மூடிவிட்டது. பலகை நல்ல நிலையில்தான் இருந்தது, அதற்குள்ளிருந்த உயிரைத்தான் எடுத்துவிட்டார்கள்.

தமிழ் எழுத்துருவையும் சோதித்துப் பாருங்கள். ஆசிரியர்கள் பழைய பாமினியிலும் வானவில்லிலும் தட்டி வைத்திருக்கும் கோப்புகள் ஆண்ட்ராய்டில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றிக்கொடுக்க உங்கள் குழுவில் விஷயம் தெரிந்த ஒருவர் இரண்டு சனிக்கிழமை ஒதுக்கினால், அது ஐயாயிரம் ரூபாய் நன்கொடையைவிடப் பெரிது.

எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். யு.பி.எஸ். இல்லாமல் மாட்டாதீர்கள்; கிராமத்து மின்சாரம் உங்களுக்குத் தெரியாததா? பலகை ஓடும்போது சில நூறு வாட் இழுக்கும், நாலைந்து சீலிங் ஃபேன் ஓடுகிற மாதிரி. அதற்கு வயரிங் தாங்குமா என்று கேளுங்கள். சேர்த்த பணத்தை முழுக்கப் பலகைக்கே கொடுத்துவிடாதீர்கள். நாலில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். வாரன்டி முடிந்த பிறகு வரும் முதல் ரிப்பேரில்தான் பெரும்பாலான பலகைகள் உறைக்குள் போகின்றன. 1987இல் மத்திய அரசின் கரும்பலகைத் திட்டத்தில் வந்த அறிவியல் பெட்டிகள் எத்தனை பள்ளிகளில் பீரோவுக்குள்ளேயே கிடந்தன என்பது என் வயது ஆசிரியர்களுக்குத் தெரியும். உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பயந்து பூட்டி வைத்தோம். 'உடைஞ்சா நாங்க பாத்துக்கறோம்' என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். பலகை வெளியே இருக்க அதைவிட நல்ல வழி தெரியவில்லை.

கேரளத்தில் 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கியபோது லேப்டாப்பும் புரொஜெக்டரும்தான் முக்கியமாக வைத்தார்கள்; கட்டற்ற மென்பொருள் போட்டார்கள்; அவற்றைப் பார்த்துக்கொள்ள, 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர்களையே குழுவாகப் பழக்கினார்கள். உங்கள் பள்ளியில் காசு குறைவு என்றால் அந்த வழியும் மோசமில்லை. பெரிய பலகைதான் கௌரவம் என்று நினைக்க வேண்டாம்.

கௌரவம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று எழுதி வெளிச்சத்தையே மறைப்பார்களே, அதை இங்கே செய்யாதீர்கள். பலகையைப் போட்டதும் நன்கொடையாளர் இருபத்தெட்டு பேரின் புகைப்படமும் வரிசையாக ஓடுகிற மாதிரி ஒரு பள்ளியில் செய்து வைத்திருந்தார்கள். தினமும் ஒன்றரை நிமிஷம். பிள்ளைகள் அந்த முகங்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள், உங்களுக்குத் தேவையா?

தலைமையாசிரியர் அறையில் பத்திரமாக இருக்கட்டும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை உட்காரும் அறைதான் அதற்கு இடம். கிரில் போட்டுப் பூட்டலாம்.

மாட்ட வரும் நாளில் உங்களில் ஒருவராவது நேரில் போங்கள். மாட்டுகிறவர் டேப்பை எடுப்பதற்கு முன்னால், ஒன்றாம் வகுப்பில் இருப்பதிலேயே குட்டையான பிள்ளையைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்துங்கள். கையை உயர்த்தச் சொல்லுங்கள். விரல்நுனி படும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பலகையில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குக் கீழே வர வேண்டும். மாட்டுகிறவர் "இப்படி யாரும் மாட்டமாட்டாங்க சார்" என்பார். மாட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர்களில் ஒருத்தி